தனிம அட்டவணையும் எலக்ட்ரான் அமைப்பும்

எலக்ட்ரான் அமைப்பு என்பது ஓர் அணுவின் எலக்ட்ரான்கள் அதன் கூடுகளிலும் துணைக்கூடுகளிலும் பகிர்ந்து அமைந்துள்ள முறையாகும். தனிம அட்டவணையில் ஒரு தனிமம் பெற்றுள்ள இடத்தைக் கொண்டே இதனை எழுதலாம். எஸ், பி தொகுப்புத் தனிமங்களில் தொடரின் எண்ணே வெளிக்கூட்டின் எண்ணாகும்.

எடுத்துக்காட்டு

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டும், அடிவாரத்தில் சேலத்தை அடுத்த சுண்ணாம்புக் குன்றுகளில் மக்னீசியத்தின் தாதுவான மாக்னசைட்டும் காணப்படுகின்றன. இவ்விரு தனிமங்களும் மூன்றாம் தொடரைச் சேர்ந்தவை. அணு எண்ணில் அடுத்தடுத்தவை. இரண்டாம் தொடர் நியானுடன் (10) முடிவதால், 1எஸ்² 2எஸ்² 2பி⁶ என்னும் பகுதி இரண்டிற்கும் பொதுவாகும்.

- மக்னீசியம் (12): எஸ்-தொகுப்பின் இரண்டாம் இடம், 3எஸ்²
- அலுமினியம் (13): பி-தொகுப்பின் முதல் இடம், 3எஸ்² 3பி¹

வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை இழந்தால் இரண்டும் நியானின் அமைப்பை அடையும். எனவேதான் மாக்னசைட்டில் மக்னீசியம் +2 நிலையிலும், பாக்சைட்டில் அலுமினியம் +3 நிலையிலும் உள்ளன.

விதிவிலக்கு

குரோமியம் (24), செம்பு (29) ஆகியவற்றில் 4எஸ் துணைக்கூட்டில் ஓர் எலக்ட்ரான் மட்டுமே உண்டு.