ஜீவனி பிறந்த கதை

கொட்டாஞ்சேனையில் ஒரு பாமசியில் போய் ஜீவனி என்று கேட்டால் போதும். மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்கிற பக்கற் அது. சுகததாச விளையாட்டரங்கில் வியர்க்க வியர்க்க ஓடுகிறவர் குடிக்கும் பானமும் குடலுக்குள் இதே வழியால்தான் போகிறது. அந்த வழியைக் கண்டுபிடித்த கதை பெரியது.

குடித்த தண்ணீரை இரைப்பை அதிகம் உறிஞ்சுவதில்லை. அந்த வேலை சிறுகுடலுடையது. ஆனால் தண்ணீரை இழுப்பதற்கென்று குடலில் தனியாக ஒரு பம்பி கிடையாது. உப்பும் சீனியும் எங்கே போகின்றனவோ, தண்ணீர் அவற்றின் பின்னால் போகும். உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசும் ஒரே வாசலால் சோடியாக நுழைகின்றன என்று ரொபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் 1960இல் பிராக் நகரில் சொன்னார்.

அதற்கு முன்பே, 1953இல், கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கொடுத்துக் கொலரா நோயாளிகளைத் தேற்றியிருந்தார். ஏன் தேறினார்கள் என்பதற்கு அன்று விளக்கம் இல்லாததால் உலகம் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. கொலரா நஞ்சு குடலிலிருந்து நீரை வெளியே கொட்டச் செய்தாலும் சோடியம்–குளுக்கோஸ் வாசலைக் கெடுப்பதில்லை. 1968இல் டாக்காவில் டேவிட் நாலின், றிச்சர்ட் காஷ் என்ற மருத்துவர்கள் வாய்வழிக் கரைசலால் நோயாளிகளைக் காப்பாற்றிக் காட்டியதும் அந்த வாசலால்தான்.

பரீட்சைக்களம் 1971இல் வந்தது. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்த அகதிகளிடையே கொலரா பரவியது. பொங்காவோன் மருத்துவமனையில் ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. டொக்டர் திலீப் மகலனாபிஸ் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கணக்குப் போட்டார். கல்கத்தாவில் அவர் வேலை செய்த ஆய்வு நிலையத்தின் நூலக அறையிலேயே பொட்டலம் கட்டினார்கள். நோயாளிகளின் உறவினரே கரைத்துப் பருக்கினார்கள். நூற்றுக்கு 30 ஆக இருந்த இறப்பு 3.6 ஆக இறங்கியது. பின்னர் உலக சுகாதார நிறுவனம் அதை ஊரூராகக் கொண்டுபோனது. 2002இல் உப்பும் குளுக்கோசும் குறைக்கப்பட்டன. இன்றைய கணக்கு லீற்றருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ்.

மைதானத்தின் கதை வேறு பக்கத்தில் நடந்தது. 1965இல் புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரொபர்ட் கேட், வெயிலில் விளையாடிக் களைத்துப்போன மாணவர்களுக்காக உப்பும் சீனியும் கலந்து ஒரு பானம் தயாரித்தார். வாயில் வைக்க முடியாமல் இருந்ததால் எலுமிச்சைச் சாறு விடச் சொன்னது அவருடைய மனைவி. அதுதான் கேற்றரேட்.

வழி ஒன்று என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. ஜீவனி போன்ற கரைசலில் உப்பு கூட; விளையாட்டுப் பானத்தில் சீனி கூட. ஓடும்போது இரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுவதால் குடலுக்குப் பங்கு குறையும். அந்த நேரத்தில் அளவுமீறி இனிப்பானதைக் குடித்தால் அது இரைப்பையிலேயே தங்கிக் குமட்டும். கொழும்பின் ஈரக்காற்றில் வியர்வை காயாமல் வழிந்தே போவதால் உடம்பு ஆறுவதும் கஷ்டம். அதற்காக வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் பிழை. இரத்தத்தில் சோடியம் குறைந்து மரதன் ஓட்டக்காரர்கள் இறந்தும் இருக்கிறார்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட பயிற்சிக்குத் தாகத்துக்கேற்ற தண்ணீரே போதும். நெடுநேர ஓட்டத்துக்கு உப்பும் சீனியும் சேர்ந்த பானம் உதவும். வயிற்றோட்டத்துக்கோ ஜீவனிதான், அதையும் பக்கற்றில் எழுதியிருக்கிற அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். அரைப் பக்கற், கைக்கணக்கு வேண்டாம்.