வலிக்கும் இடமும் வலியின் வேரும்

முகத்தின் ஒரு பாதியிலும் அதனையடுத்த கழுத்திலும் மட்டும் தோன்றி, மாதக்கணக்கில் நீங்காது நிற்கும் வலி ஒன்று உண்டு. காயம் இராது; வீக்கம் இராது; காய்ச்சலும் இராது. ஆகவே இந்நோயாளருக்குத் துன்பம் இரண்டு: வலி ஒன்று, அவ்வலியைப் பிறர் நம்பாமை மற்றொன்று. இதன் காரணத்தை மனிதன் தேடிச் சென்ற வழியைச் சுருக்கமாகக் கூற விழைகிறேன்.

நம் நாட்டுச் சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் தலைநோய்களைப் பதினொன்றாக வகுக்கிறது. அவற்றுள் ஒன்று அனந்தவாதம். பிடரியைப் பற்றும் கடும் வலி கண்ணிலும் புருவத்திலும் நெற்றிப்பொட்டிலும் நிலைகொள்ளும், கன்னத்தோரம் துடிக்கும், தாடை இறுகும் என்று அந்நூல் கூறும். முக்குற்றங்களின் கேடே காரணம் என அக்காலத்தார் கருதினர். அக்காரணத்தை இன்று நாம் ஏற்பினும் ஏற்காவிடினும், பிடரியையும் முகத்தையும் ஒரே நோயில் இணைத்துக் கண்ட அவர்தம் கூர்மை போற்றத்தக்கதே.

இனி ஐரோப்பாவிற்குச் செல்வோம். தத்துவ அறிஞராக நாம் அறிந்துள்ள ஜான் லாக் மருத்துவமும் கற்றவர். 1677ஆம் ஆண்டு டிசம்பரில், பாரிஸ் நகரிலிருந்த ஆங்கிலத் தூதரின் மனைவியார் முகவலியால் துடித்தபோது அவர் அழைக்கப்பட்டார். அதற்கு முன்பே அவ்வம்மையாருக்குப் பல் பிடுங்கியாயிற்று, வலியோ போகவில்லை. வலி எப்பக்கம் எழுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, பேசினால் வருகிறதா, தொட்டால் வருகிறதா என்றெல்லாம் லாக் உற்றுநோக்கித் தம் நண்பரான மருத்துவருக்குக் கடிதங்கள் எழுதினார். நோயின் பெயரை அவர் அறியார். ஆனால் நோயை ஒழுங்காக எழுதிவைத்தார்.

1756இல் பிரான்சு நாட்டு நிக்கொலா ஆந்திரே இந்நோய்க்கு ஒரு பெயர் சூட்டினார். 1773இல் இலண்டனில் ஜான் பாதர்கில் இதனைத் தெளிவாக விரித்துரைத்தார். ஆயினும், குற்றவாளி எந்த நரம்பு என்பது தெரியவில்லை. அறுவை மருத்துவர் சிலர் முகத்தசைகளை இயக்கும் ஏழாம் நரம்பை அறுத்தனர். விளைவு என்ன? வலி நின்றபடியே நின்றது, முகம் கோணிப்போயிற்று! 1820களில் சார்ல்ஸ் பெல்லும் அவர் காலத்தவரும் செய்த ஆராய்ச்சிகளால், முகத்தை அசைப்பது ஏழாம் நரம்பு, முகத்தின் உணர்ச்சியைக் கொண்டுசெல்வது ஐந்தாம் நரம்பு என்பது தெளிவாயிற்று. அதன்பின்னரே கத்தி சரியான இடம் நோக்கித் திரும்பியது.

அந்த ஐந்தாம் நரம்பு ஏன் துன்புறுகிறது? மூளைத்தண்டினருகே இரத்தக்குழாய் ஒன்று அதன்மேல் அழுந்திக்கிடப்பதை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டாண்டி பலரிடம் கண்டு, 1934இல் எழுதினார். 1960களில் பீட்டர் ஜானெட்டா நுண்ணோக்கியின் துணைகொண்டு அக்குழாயை விலக்கி வைக்கும் அறுவையை வளர்த்தார். வலிப்பு நோய்க்கான கார்பமசிபைன் என்னும் மருந்து இவ்வலியையும் அடக்கும் என்பது 1962இல் வெளியாயிற்று.

ஆனால், எல்லா ஒருபக்க வலிக்கும் இதுவே காரணம் என்று கொள்ளலாகாது. காதின் கீழே, மண்டையோட்டிலிருந்து எழுத்தாணிபோல் இறங்கும் மெல்லிய எலும்பு ஒன்று உண்டு. அது பெரும்பாலும் இரண்டரை செண்டிமீட்டர் அளவினது. அது மிக நீண்டு, அண்டையிலுள்ள நரம்புகளையோ கழுத்தின் பெரிய இரத்தக்குழாயையோ உறுத்தினால், தொண்டையிலும் காதிலும் முகத்திலும் கழுத்திலும் வலி எழும். 1937இல் இதனை எடுத்துக்காட்டியவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்து வாட் ஈகிள். எலும்பு நீண்டோர் பலர். அவருள் வலியுறுவோர் சிலரே. ஆகவே படத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. நோயாளர் சொல்லையும் கேட்டாக வேண்டும்.

நம் மாநிலத்தில் 1949இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தியும் நரம்பு அறுவை மருத்துவத் துறைகளைத் தொடங்கினர். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் வரும் புறநகர் ரயில்கள் சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்தை அடைகின்றன. அங்கிறங்கிச் சாலையைக் கடந்தால் அம்மருத்துவமனையின் வாயில். எனினும், அந்தச் சாலையைக் கடப்பதற்குள் எத்தனை ஆண்டுகளை நம் மக்கள் இழக்கின்றனர்!

என் பழைய மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தார். இடப்பக்கத் தாடையிலும் கழுத்திலும் இரண்டாண்டு வலி. கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள், வலி அசையவில்லை. வேலைக்கு அஞ்சி நடிக்கிறார் என்று மேற்பார்வையாளர் ஒருவர் ஏளனம் செய்தாராம். "ஐயா, இனி என் வீட்டாரும் நம்பமாட்டார்கள் போலிருக்கிறது" என்று அவர் என்னிடம் சொன்னபோது குரல் தழுதழுத்தது.

நான் மருத்துவன் அல்லேன். ஆனால், கணக்கின் விடை பிழையானால் விடையை மட்டும் பாராது, முந்தைய வரிகளைப் பார் என்று ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்தனர். அவ்வாறே, வலி வரும் நேரத்தையும் அப்போது செய்த செயலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருமாறு சொன்னேன். மூன்று வாரத்தில் உண்மை தெரிந்தது: விழுங்கும்போதும் தலையைத் திருப்பும்போதும்தான் வலி பெரிதும் எழுந்தது. சென்னையில் காது மூக்கு தொண்டை மருத்துவர் அக்குறிப்பைப் பொறுமையாகப் படித்து, உள்நாக்கின் பக்கத்தே விரலால் அழுத்திப் பார்த்தார். அதே வலி எழுந்தது. கதிர்ப்படம் நீண்ட எலும்பைக் காட்டிற்று. அறுவைக்குப்பின் வலி படிப்படியாக நீங்கி, அவர் வேலைக்குத் திரும்பினார். பிடுங்கிய பற்கள் மட்டும் திரும்பவில்லை.

தாடைமூட்டுத் தேய்வும் இத்தகைய வலி தரும். கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் ஐந்தாம் நரம்பும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே நிலையத்தில் கூடுவதால், கழுத்தின் கோளாறு முகத்திலும் தோன்றக்கூடும். நடக்கும்போதோ உழைக்கும்போதோ தாடையும் கழுத்தும் வலித்து, ஓய்ந்தால் அடங்குமாயின், அது இதயத்தின் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்; அதனை ஒருநாளும் தாமதிக்கலாகாது.

ஆதலின், அன்பர்களே, உங்கள் இல்லத்தில் ஒருவர் இத்தகைய வலியைச் சொன்னால் முதலில் நம்புங்கள். நல்ல பல்லைப் பிடுங்கத் துணியுமுன் ஒரு குறிப்பேட்டை அவர் கையில் கொடுங்கள். எப்போது, எங்கே, எது செய்தால் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை எழுதச் செய்து, அதனை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.