வளையும் கதவும்: கதவுச் சிலந்தியை அடைத்து வளர்த்துப் பெருக்குவது பற்றி ஒரு விசாரணை

ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டைப் பக்கம் செல்லும் மலைச்சாலையில், ஒருபுறம் சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும் அம்மரங்களைத் தழுவிய மிளகுக் கொடிகளுமாகத் தோட்டங்கள் சரிந்து இறங்க, மறுபுறம் சாலைக்காக வெட்டிய மண்கரை பாசி படர்ந்து ஈரம் கசிய நிற்கும் இடங்கள் பல உண்டு. இவ்வகைக் கரைகளில்தான் கதவுச் சிலந்தி என்னும் ஜந்துவைத் தேடவேண்டும். தேடினாலும் எளிதில் அகப்படாது. வலை பின்னி நடுவில் அமரும் சாதாரணச் சிலந்தியைப் போலன்றி, இது மண்ணில் வளை தோண்டி, உட்சுவருக்குப் பட்டிழை பூசி, மண்ணையும் இழையையும் குழைத்துச் செய்த ஒரு மூடியை இழைக்கீலால் வாயிலில் பொருத்தி, அதன் மேற்புறத்தில் பாசியையும் சருகையும் ஒட்டிவிட்டு உள்ளே மறைந்து வாழ்கிறது.

இச்சிலந்தியைப் பிடித்துவந்து கண்ணாடிப் பெட்டியில் இனம் பெருக்குவது சாத்தியமா என்ற கேள்வியைவிட, அவ்வாறு பெருக்குவதால் எது பெருகுகிறது என்ற கேள்வியே ஆராயத்தக்கது என்பது என் அபிப்பிராயம். சாத்தியம் என்பதில் சந்தேகமில்லை. ஒரு சாண் ஆழத்துக்கேனும் மண்ணை அழுத்தி நிரப்பி, விரல் நுழையும் அளவு ஒரு குழியை முன்னதாகவே இட்டுவைத்தால், பிடித்துவந்த பெண் சிலந்தி பெரும்பாலும் அதையே ஆதாரமாகக் கொண்டு, தன் நச்சுக்கொடுக்கின் அடியிலுள்ள சீப்புப் போன்ற முள்வரிசையால் மண்ணைச் சுரண்டி வளையை ஆழமாக்கிக்கொள்ளும். மண்ணின் மேற்பகுதி சற்று உலர்ந்தும் அடிப்பகுதி ஈரமாகவும் இருக்கவேண்டும். முழுவதும் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், முழுவதும் காய்ந்தால் வளையின் சுவர் உதிரும். உணவுக்குச் சுவர்க்கோழியே போதும். இதுவரை சிரமம் ஒன்றுமில்லை.

சிரமம் ஆணைப் பற்றியது. ஆண் கதவுச் சிலந்தி பருவமெய்தும் கடைசித் தோலுரிப்புக்குப் பின் தன் வளையைத் துறந்து, மழை நனைத்த இரவுகளில் பெண்ணின் வளையைத் தேடி அலைந்து, சில மாதங்களுக்குள் மடிந்துபோகிறது. பெண்ணோ பருவமெய்த இன்னும் அதிக காலம் எடுத்துக்கொண்டு, எய்திய பின்னும் தோலுரித்துக்கொண்டே பல ஆண்டுகள் வாழ்கிறது. தோலுரிக்குந்தோறும் விந்தைச் சேமித்துவைக்கும் பையின் உட்சவ்வும் சேர்ந்து கழிந்துவிடுவதால், முட்டையிடுமுன் அவள் தோலுரித்துவிட்டால் முந்திய சேர்க்கை முழுவதும் வியர்த்தமாகிவிடும். ஆகவே ஒரே முட்டைப்பையில் பிறந்த குஞ்சுகளை வளர்ப்பவன், சகோதரர்கள் முதிர்ந்து இறந்தபின் சகோதரிகள் பருவமெய்துவதைக் காண்கிறான். வேறு வேறு ஆண்டில் பிறந்த பல குடும்பங்களை ஒருசேர வைத்திருந்தாலன்றி, அடுத்த தலைமுறைக்கு ஆணைத் தேடி மீண்டும் மலைக்கே போகவேண்டியதுதான். மலையைக் காக்கவென்று தொடங்கிய பெட்டி இவ்விதம் மலையிடமே கடன் வாங்கிக் காலம் தள்ளுகிறது.

பெட்டி தராத அறிவைக் கரை தரும். ஜான் ட்ராஹெர்ன் மாக்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர், க்ஷயரோகத்தால் பீடிக்கப்பட்டுப் பிரான்ஸின் தென்கரையில் மெந்தோன் நகரில் தங்கியிருந்த நாட்களில், எறும்புகளையும் கதவுச் சிலந்திகளையும் பற்றி 1873இல் ஒரு நூலும் அடுத்த ஆண்டே அதற்கு ஓர் அனுபந்தமும் வெளியிட்டார். பாசி மூடிய ஒரு கதவை அகற்றி, சுற்றியிருந்த பாசியையும் சுரண்டிவிட்டு மண்ணை வெறுமையாக்கினால் சிலந்தி என்ன செய்யும் என்று அவர் பரிசோதித்தார். அது புதுக்கதவு செய்து, முன்போலவே பாசியைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டியது. விளைவாக, பழுப்பு மண்ணின் நடுவே ஒரு பச்சைத் திட்டு எவர் கண்ணுக்கும் படும்படி நின்றது. மறைவதற்காகச் செய்த காரியமே காட்டிக்கொடுத்துவிட்டது. இந்த ஒரு பரிசோதனை எனக்கு நூறு முட்டைப்பைகளைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. கதவு, சிலந்தியின் சுபாவத்தில் பாதியாகவும் கரையின் சுபாவத்தில் பாதியாகவும் அமைந்தது என்பதை இது பிரத்தியட்சமாகக் காட்டுகிறது. பெட்டியில் பிறந்த குஞ்சுக்கும் அந்த முதற்பாதி குறைவின்றி இருக்கும்; மற்றப் பாதியை நாம் எதைக் கொண்டு நிரப்புவது?

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் இருந்து வருகிறதே, காட்டு மரக்கிளையில் வாழும் செடியைத் தொட்டியில் வைத்துக் காப்பது கூடுமானால் சிலந்தி மட்டும் என்ன விலக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆர்க்கிட் தொட்டியில் பூக்கும்போது அதன் பூவில் நாம் அறியவேண்டியது பெரும்பாலும் இருக்கிறது. பெட்டியில் வளரும் கதவுச் சிலந்தியிடமோ, எந்த ஈரத்தில், எந்தச் சரிவில், எந்தத் தாய்வளையிலிருந்து எவ்வளவு தூரத்தில் குஞ்சு தன் முதல் வளையைத் தோண்டுகிறது என்ற, அறியவேண்டிய செய்தியே அழிந்துபோகிறது. பல இனங்களில் குஞ்சுகள் தாயின் வளையிலேயே சில மாதம் தங்கிப் பின்னர் கால்நடையாகவே அருகில் பரவுகின்றன. ஒரு கரையில் உள்ள குடி அக்கரையைவிட்டு வெகுதூரம் போவதில்லை. சாலையை அகலப்படுத்த ஒரு கரையை வெட்டினால் பக்கத்து மலையிலிருந்து வந்து அதை நிரப்புவார் இல்லை.

பெட்டியில் பெருகுவது காட்டைக் காக்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. மரப்பொந்தில் வாழும் பொய்சிலோதீரியா என்னும் பெருஞ்சிலந்திப் பேரினத்தின் இனங்களுள், ஆந்திரத்துக் குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒற்றைப் பெண்ணைக் கொண்டு 1899இல் போகாக் என்ற விலங்கியலறிஞர் விவரித்த நீலச் சிலந்தி, 2001இல்தான் நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மீண்டும் காணப்பட்டது. அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வளர்ப்போர் கையில் ஏராளமாகப் பெருகியது. எனினும் காட்டில் அது மிக அருகிய இனமாகவே கணிக்கப்பட்டிருக்கிறது. நம் சேலம் மாவட்டத்திலும் காணப்படும் அதன் உறவினமான பொய்சிலோதீரியா ஃபார்மோசாவும் அருகும் இனமே. 2019இல் இப்பேரினம் முழுவதும் அருகும் உயிரினங்கள் பற்றிய சர்வதேச வாணிப உடன்படிக்கையின் (CITES) இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டதும், பெட்டியின் வெற்றியைக் கண்டு காடு தேறிவிட்டது என்று எவரும் நம்பவில்லை என்பதற்குச் சான்று.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? மேற்கு ஆஸ்திரேலியாவில் பார்பரா யார்க் மெயின் என்ற அம்மையார் 1974இல் ஒரு காட்டுத்துண்டில் கதவுச் சிலந்தி வளைகளுக்கு எண் பொறித்த முளைகளை அடித்து ஆண்டுதோறும் பார்வையிட்டு வந்தார். பதினாறாம் எண் வளையில் இருந்த பெண் 2016இல் இறந்தபோது அதன் வயது 43; கதவில் குளவி இட்டிருந்த துளை அதன் முடிவைக் குறித்தது. எந்தக் கண்ணாடிப் பெட்டியும் இந்தக் கணக்கைத் தந்திருக்காது, ஏனெனில் எந்தப் பெட்டிக்காரனும் ஒரே பெட்டியை நாற்பது ஆண்டு கிளறாமல் விடமாட்டான்.

மஞ்சக்குட்டைப் பக்கம் இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. தோட்டக்காரர் ஒருவர் தம் எல்லையில் ஒரு கரையை மண்வெட்டி படாமல் ஒதுக்கி, கோடை மழைக்கு முன் வளைகளைத் தேடி முளை அடித்து, எண்ணையும் கதவின் அகலத்தையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தால் போதும். குஞ்சின் கதவு அடுத்த ஆண்டு சற்று அகன்றிருக்கும். அளவுகோலை அதன்மேல் மெல்ல வைத்துப் பார்க்கையில், உள்ளிருந்து சிலந்தி கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வது விரலுக்குத் தெரியும்.