காக்கை கரைதலும் புள் பழித்தலும்

சங்ககாலத் தமிழர் பறவையின் குரலைக் கொண்டு வருவது உணர்ந்தனர் என்பது அறிஞர் பலரும் கூறிய செய்தியே. தொல்காப்பியர் புறத்திணையியலில் நாள், புள், பிற நிமித்தம் ஆகியவற்றை ஒருங்கு வைத்தார். அயலார் வாய்ச்சொல்லைக் குறியாகக் கொள்ளும் விரிச்சியை வெட்சியில் வேறாக ஓதினார். இந்நம்பிக்கை மக்கள் வாழ்வில் என்ன பயன் விளைத்தது என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

குறுந்தொகை 210ஆம் பாட்டில், பிரிந்துசென்ற தலைவன் மீண்டுவந்து, தலைவியை ஆற்றுவித்த தோழியைப் பாராட்டுகிறான். அவளோ அதனை ஏற்றிலள். விருந்து வருமெனக் கரைந்த காக்கைக்கே அச்சிறப்பு உரியது என்கிறாள். நள்ளியின் கானத்து ஆயர்தம் நெய்யொடு தொண்டி வெண்ணெற்சோற்றை ஏழு கலத்தில் ஏந்தினும் அக்காக்கையின் உதவிக்கு அது சிறிதாம். அக்குரலைச் சுட்டிக்காட்டி நாள்தோறும் தேற்றியவள் தோழியே அன்றோ? தன் செயலைப் பறவைமேல் ஏற்றி அவள் புகழைத் தவிர்க்கிறாள். இதனைப் பாடிய நச்செள்ளையாருக்குக் 'காக்கைபாடினியார்' என்பதே பெயராய் நிலைத்தது.

ஐங்குறுநூற்று 391இல் நிலை வேறு. உடன்போக்கில் மகளை இழந்த தாய், காக்கை கரையுமுன்னரே ஊன்சோறு பொற்கலத்தில் தருவதாகக் கூறி, அவள் வரக் கரையுமாறு வேண்டுகிறாள். தானாகத் தோன்றவேண்டிய குறியை இரந்து பெற முயலும் துயரம் அது. கிளையோடு உண்ணுக என அவள் காக்கையிடம் கூறுவது, தன் கிளையைப் பிரிந்தவள் சொல்லாதலின் நம் நெஞ்சைத் தொடுகிறது.

புகழை ஏற்ற புள் பழியையும் சுமந்தது. புறநானூறு 204இல் கழைதின் யானையார் வல்வில் ஓரியை நோக்கி, வெறுங்கையராய் மீள்வோர் தாம் புறப்பட்ட புள்ளையும் பொழுதையும் பழிப்பரேயன்றி வள்ளலைப் பழியார் என்கிறார். அப்புள் குரலாலோ செலவாலோ தடுத்தது எனப் பாட்டு விளக்கவில்லை, இரண்டும் நிமித்தமே. இரவலன் மானமும் புரவலன் பெயரும் ஒருங்கே காக்கப்படுகின்றன. ஆயினும், கொடாதவனைப் பழியேன் என்று அவன் முன்னிலையில் உரைப்பதே மென்மையானதொரு இடித்துரையாக நமக்குத் தோன்றுகிறது.

கபிலர் இம்மரபையே மறுதலையாக ஆள்கிறார். தீய நாளில் சென்றாலும், புள் இடையே தடுத்தாலும், திறமற்ற சொல்லே கூறினாலும், மலையமான் திருமுடிக்காரியைப் பாடினோர் வறிதே மீளார் என்பது புறம் 124இன் கருத்து. காரியைப் பாடச் சென்றவனுக்குப் புள்ளைப் பழிக்கும் தேவையே எழவில்லை.