மலையேறிய நானூறு பேர்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் ஈடேல் என்றொரு சிற்றூர் இருக்கிறது. வெயில் அடிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து அங்கே வருவார்கள். அருகிலுள்ள கிண்டர் ஸ்கவுட் என்னும் மலைமேட்டில் நாள் முழுதும் நடப்பார்கள். மாலையில் கால் வலியோடு இறங்கி வந்து, ஊரிலுள்ள 'ஓல்ட் நாக்ஸ் ஹெட்' என்ற பப்பில் உட்காருவார்கள். பப் என்றதும் முன்னாளில் நம் தோட்டங்களில் இருந்த கள்ளுக்கடையை நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே குடும்பத்தோடு அமர்ந்து உணவு உண்பார்கள். பீர் கேட்பவருக்குப் பீர், தேநீர் கேட்பவருக்குத் தேநீர்.

இதில் என்ன சரித்திரம் இருக்கிறது என்று கேட்கலாம். இந்த மலையில் நடந்ததை ஒட்டி ஐந்து இளைஞர்கள் சிறைக்குப் போனார்கள். அந்தக் கதையைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாம் படித்த புவியியல் பாடத்தில் பென்னைன் மலைத்தொடர் வரும். அதன் மேற்கே பருத்தி ஆலைகள், கிழக்கே கம்பளி ஆலைகள் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினோம். அந்த ஆலைகளில் வேலை செய்தவன் ஞாயிற்றுக்கிழமை எங்கே போனான் என்று யாரும் சொல்லித் தரவில்லை, நாமும் கேட்கவில்லை.

அவன் மலைக்குப் போனான். மேற்கே மேன்செஸ்டர், கிழக்கே ஷெஃபீல்டு, இரண்டும் புகை சூழ்ந்த தொழில் நகரங்கள். இரண்டுக்கும் நடுவில் கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டர். நம் கெடா மாநிலத்து ஜெராய் மலையில் ஏறத்தாழப் பாதிதான். ஒரு காலத்தில் ஊராரின் ஆடுகள் மேய்ந்த மேட்டுநிலம் அது. 19ஆம் நூற்றாண்டில் சட்டப்படி அடைக்கப்பட்டுத் தனியார் சொத்தாகிவிட்டது. அதன் பெரும்பகுதி டெவன்ஷயர் பிரபுவுக்குச் சொந்தம். அங்கே கிரவுஸ் என்னும் காட்டுப்பறவையை வளரவிட்டு, ஆகஸ்டு 12ஆம் நாள் தொடங்கிப் பருவத்தில் பிரபுக்களும் விருந்தினரும் சுடுவார்கள். ஆண்டில் சில நாள் வேட்டைக்காக, மற்ற நாளெல்லாம் காவலர்கள் தடியோடு நின்று, நடக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தோட்டத்து வாசலில் தொங்கிய 'அனுமதியின்றி நுழையாதே' என்ற பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இதற்குமேல் நமக்கு விளக்கம் வேண்டியதில்லை.

1932ஆம் ஆண்டு உலகெங்கும் தொழில் மந்தம். ரப்பர் விலை விழுந்து, மலாயாவிலிருந்து நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்ட காலம் அது. மேன்செஸ்டர் இளைஞர் பலருக்கும் வேலை இல்லை. காசில்லாதவனுக்குக் கிடைத்த ஒரே உல்லாசம் நடைதான். அந்த ஈஸ்டர் விடுமுறையில் முகாமிட்டிருந்த ஒரு சிறு கூட்டத்தைக் காவலர்கள் மலையிலிருந்து விரட்டினார்கள். பத்துப் பேரை விரட்டலாம், நூற்றுக்கணக்கில் போனால் விரட்ட முடியுமா என்று அவர்களுக்குள் பேச்சு எழுந்தது.

ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. ஏறத்தாழ 400 பேர் ஹேஃபீல்டு என்ற ஊரில் கூடினார்கள். தலைமை ஏற்ற பென்னி ராத்மன் இருபது வயது இளைஞர், குள்ளமானவர். இரயில் நிலையத்தில் போலீசார் காத்திருப்பார்கள் என்று சைக்கிளிலேயே வந்து சேர்ந்தார். பேச வேண்டிய பெரியவர் பின்வாங்கிவிட்டதால், அங்கிருந்த கல்லுடைக்கும் குழியில் ஒரு பாறைமேல் ஏறித் தாமே பேசினார். கூட்டம் பாதையை விட்டு விலகிச் சரிவில் ஏறியது. தடியோடு நின்ற காவலர்களுடன் தள்ளுமுள்ளு நடந்தது. ஒரு காவலர் காயப்பட்டார். மேலே போனபோது, ஈடேல் பக்கமாக ஏறிவந்த ஷெஃபீல்டு தோழர்களைச் சந்தித்து மகிழ்ந்தார்கள். அன்று அவர்கள் மலையின் உச்சிவரை போகவில்லை என்றே ஆராய்ந்தவர்கள் பலர் சொல்கிறார்கள். பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கி வந்தார்கள். அன்றைய நடை பப்பில் முடியவில்லை. ஹேஃபீல்டில் போலீசார் காத்திருந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறர் நிலத்தில் நடப்பது அப்போது சிறைக்குரிய குற்றமே அல்ல. ஆகவே கலகம், தாக்குதல் என்று வழக்குப் போட்டார்கள். ராத்மன் தமக்காகத் தாமே வாதாடினார். ஜூலையில் டார்பி நீதிமன்றம் ஐவருக்கு இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதித்தது. ராத்மனுக்கு நான்கு மாதம். நடைச் சங்கங்களின் பெரியவர்கள் இந்த இளைஞர்களைக் கண்டித்திருந்தார்கள். பொறுமையாக மனுக் கொடுத்துவந்த வேலையைக் கெடுத்துவிட்டார்களே என்ற வருத்தம் அவர்களுக்கு. அது முற்றும் தவறென்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், 1884இலேயே இதற்காக நாடாளுமன்றத்துக்கு வந்த மசோதா அரை நூற்றாண்டு ஆகியும் நிறைவேறவில்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். தண்டனை கடுமையாக இருந்ததால், கண்டித்தவர்களுக்கும் மனம் இளகியது.

போர் முடிந்த பின், 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது கிண்டர் ஸ்கவுட் அடங்கிய பீக் மாவட்டம்தான். 1965இல் பென்னைன் நெடுநடைப் பாதை திறக்கப்பட்டது. 431 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை தொடங்குவது நாம் முதலில் சொன்ன ஈடேல் பப்பின் அருகில். முடிவது ஸ்காட்லாந்தில், அதுவும் ஒரு பப்பின் வாசலில்தான். அந்தப் பாதைக்கு வழிகாட்டி நூல் எழுதிய வெயின்ரைட் என்பவர், முழுதும் நடந்து முடித்தவர்களுக்கு அங்கே தம் செலவில் பீர் வாங்கித் தர ஏற்பாடு செய்திருந்தார். கால் தேய்ந்தவர்களுக்கு அது பெரிய பரிசாக இருந்திருக்கும்.

தனியார் மேட்டுநிலங்களில் பொதுமக்கள் தாராளமாக நடக்கும் உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் முழுமையாகக் கிடைத்தது. 2002 ஏப்ரலில், அதே கல்குழிக்கு அந்நாளைய டெவன்ஷயர் பிரபு வந்தார். தம் பாட்டனார் காலத்தில் நடந்ததற்காகக் கூட்டத்தின் முன் வருத்தம் தெரிவித்தார். அதைக் கேட்க ராத்மன் இல்லை. அந்த ஆண்டு ஜனவரியில்தான் அவர் காலமாகியிருந்தார்.