தஞ்சோங் ரம்புத்தான் என்றால் ஏன் நடுக்கம்?

"உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்!" மலேசியாவில் இந்த ஏச்சைக் கேட்காத வீடு குறைவு. ஈப்போவுக்கு அருகிலுள்ள ஓர் ஊரின் பெயர் எப்படிக் கேலிச் சொல்லானது? மனப்பதற்றத்தையும் மனச்சோர்வையும் நம்மவர்கள் ஏன் மூடி மறைக்கிறார்கள் என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

பிரிட்டிஷார் 1911ஆம் ஆண்டு அங்கு மனநோயாளர் காப்பகத்தைத் திறந்தார்கள். மனநோய்க்குச் சரியான மருந்து இல்லாத காலம் அது. நோய் முற்றியவர்களே பெரும்பாலும் அங்கு கொண்டுபோகப்பட்டனர். அதனால் மனநோய் என்றாலே சித்தம் கலங்கி, மதிலுக்குள் அடைபடுவது என்று மக்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் மருத்துவ உலகம் வேறொரு கூட்டத்தையும் கவனித்து வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்கள் பலருக்கு நெஞ்சு படபடத்தது, மூச்சு வாங்கியது. இருதயத்திலோ கோளாறு எதுவும் தென்படவில்லை. ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871இல் இதைப் பற்றி எழுதினார். 1895இல் சிக்மண்ட் ஃப்ராய்டு பதற்ற நோய்க்குத் தனிப் பெயர் கொடுத்தார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1980இல் அதை இரண்டாகப் பிரித்தது.

ஒன்று, திடீர்ப் பீதி நோய். சில நிமிடங்களுக்குள் படபடப்பும் வியர்வையும் உச்சத்துக்குப் போகும். உயிரே போய்விடும் என்று தோன்றும். மாரடைப்பு என்று நினைத்து அவசரப் பிரிவுக்கு ஓடுபவர்கள் உண்டு. மற்றொன்று, பொதுப் பதற்ற நோய். ஆறு மாதமோ அதற்கு மேலோ, எதற்கெடுத்தாலும் ஓயாத கவலை, தூக்கமின்மை, தசை இறுக்கம், எரிச்சல்.

மனநிலை நோய்களின் கதையும் இதுவே. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் 1899இல் ஒரே பெயரில் அடக்கியவற்றை, அதே 1980 கையேடு மனச்சோர்வு, இருமுனை நோய் என்று பிரித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுதும் சோகம், எதிலும் நாட்டமின்மை, பசியிலும் தூக்கத்திலும் மாற்றம், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம்: இவை மனச்சோர்வின் அறிகுறிகள். இருமுனை நோயில் இந்தச் சோர்வோடு, அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும். தூங்காமலே ஓடியாடுவார்கள், காசைத் தண்ணீராய்ச் செலவழிப்பார்கள்.

சிகிச்சையும் வளர்ந்தது. 1949இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட், லித்தியத்தின் பயனைக் கண்டறிந்தார். 1950களில் மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வந்தன. மனப்பயிற்சிச் சிகிச்சையும் சேர்ந்துகொண்டது. இன்று இந்நோய் கண்ட பலர் கிளினிக்குக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு, வேலைக்கும் போகிறார்கள்.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனையும் 1971இல் 'பஹாகியா' ஆனது. மலாயில் மகிழ்ச்சி என்று பொருள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவை நீக்க 2023இல் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகச் சொன்னது. ஏறக்குறைய பத்து லட்சம் பேர்!

மருத்துவமனையின் பெயர் மாறியது, சட்டமும் மாறியது. நம் வீட்டு ஏச்சு மட்டும் மாறவில்லை. "ரெண்டு வாரமா தூக்கமே இல்லப்பா" என்று பிள்ளை சொல்லும்போது, அந்தப் பழைய ஊர்ப் பெயர் நம் வாயில் வரக்கூடாது. "வா, டாக்டரைப் பார்த்துட்டு வருவோம்" என்ற சொல்தான் வரவேண்டும்.