வளைந்த வாழைப்பழமும் வளையாத சட்டமும்

வாழைப்பழம் வளைந்திருக்கக்கூடாதென்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியிருக்கிறது என்பது பிரித்தானியப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கதை. ஒன்றியத்திலிருந்து விலகுவதா என்ற 2016ஆம் ஆண்டுச் சர்வசன வாக்கெடுப்பின்போதும் இவ்வாழைப்பழம் மேடையேறியது. கதை சுவையானது. ஆனால் பழங்களினதும் மரக்கறிகளினதும் வர்த்தகத்தை உண்மையில் ஆட்டிப்படைக்கும் சட்டங்கள் வேறு.

முதலில் வாழைப்பழச் சட்டத்தைப் பார்ப்போம். அதன் இலக்கம் 2257/94. 1994 செப்டெம்பரில் இயற்றப்பட்டு 1995 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பழுக்காத பச்சை வாழைக்காயின் நீளம் குறைந்தது 14 சென்ரிமீற்றர், தடிப்பு குறைந்தது 27 மில்லிமீற்றர் இருக்கவேண்டும் என்றது. அசாதாரண வளைவு கூடாதென்றும் சொன்னது. எத்தனை பாகை வளைந்தால் அசாதாரணம் என்று அது கூறவில்லை. நீளத்தை அளப்பதோ காயின் வெளிவளைவின் வழியாக. அதாவது, வாழைப்பழம் வளைந்தது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருந்தது!

வளைவை எண்ணால் அளந்த சட்டம் வெள்ளரிக்காய்க்கு உரியது. 1677/88 இலக்க ஒழுங்குவிதியின்படி முதலாந்தர வெள்ளரிக்காயின் வளைவு ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் நீளத்துக்கும் 10 மில்லிமீற்றரைத் தாண்டலாகாது. இரண்டாந்தரத்துக்கு 20 மில்லிமீற்றர்வரை அனுமதி உண்டு. இது அதிகாரிகளின் கிறுக்குத்தனம் போலத் தோன்றும். ஆனால் நேரான காய்கள் பெட்டியில் ஒழுங்காக அடுங்கும். பெட்டியில் எத்தனை காய் என்பதைத் திறந்து எண்ணாமலே அறியலாம். சரக்கைக் கண்ணால் காணாமல், தொலைபேசியில் விலைபேசும் வியாபாரிக்குத் தரம் என்பது ஒரு பொதுமொழி.

இம்மொழியை ஐரோப்பிய ஒன்றியம் கண்டுபிடிக்கவுமில்லை. உலகப்போர் முடிந்தபின், 1949இல், ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு ஜெனீவாவில் இதற்கான பணியை ஆரம்பித்தது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு 1962இல் பழ, மரக்கறித் தரங்களுக்கான தனது திட்டத்தைத் தொடக்கியது. ஒன்றியத்தின் சட்டங்கள் இவ்வழியில் வந்தவையே.

நகைப்புக்கு இறுதியில் பலன் கிடைத்தது. 2008 நவம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு 26 வகைப் பழங்கள், மரக்கறிகளுக்கான தரவிதிகளை நீக்க முடிவுசெய்தது. 2009 ஜூலை 1ஆம் திகதி முதல் வளைந்த வெள்ளரிக்காய்க்கும் முடிச்சு விழுந்த கரட்டுக்கும் விடுதலை கிடைத்தது. ஆனால் அப்பிள், தக்காளி உட்பட 10 வகைகளுக்கு விதிகள் நீடித்தன. ஒன்றியத்தின் பழ, மரக்கறி வர்த்தகப் பெறுமதியில் சுமார் 75 வீதம் இப்பத்துக்கும் உரியது. வாழைப்பழத்தின் தனிவிதியும் அப்படியே இருந்தது.

விசித்திரம் என்னவென்றால், இந்த விடுதலையை ஐரோப்பிய விவசாயிகளின் அமைப்புகளே எதிர்த்தன. அரசு விதி போனால் பெருங்கடைகளின் விதி வரும் என்று அவை அஞ்சின. அந்த அச்சம் வீணானதன்று. ஐரோப்பியச் சில்லறை நிறுவனங்கள் 1997இலேயே யூரெப்காப் என்ற தனியார் தரச்சான்றிதழ் முறையை ஆரம்பித்திருந்தன. 2007இல் அது குளோபல்காப் என்று பெயர் மாறியது. அரசின் சட்டத்தை நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம், பத்திரிகையில் கேலி செய்யலாம். பெருங்கடையின் நிபந்தனையை எந்த மன்றத்தில் கேட்பது? சான்றிதழ் பெற விவசாயியைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது இல்லாமல் அவனது காயை வாங்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இனி வளையாத சட்டத்துக்கு வருவோம். வாழைப்பழ விதி நடைமுறைக்கு வந்த அதே 1995 ஜனவரி 1ஆம் திகதியே உலக வர்த்தக அமைப்பின் சுகாதார, தாவரச் சுகாதார உடன்படிக்கையும் அமுலுக்கு வந்தது. நோயும் பூச்சியும் தம் எல்லைக்குள் வராமல் தடுக்கும் உரிமையை அது நாடுகளுக்கு உறுதிசெய்தது. அத்தடைக்கு விஞ்ஞான ஆதாரம் வேண்டும் என்றும் கூறியது. இவ்வுடன்படிக்கையைப் பற்றி எவரும் நகைச்சுவைத் துணுக்கு எழுதவில்லை.

அந்த உரிமை எவ்வளவு வலியது என்பதைப் புலம்பெயர்ந்த தமிழர் 2014இல் தம் சமையலறையிலேயே கண்டனர். 2013இல் இந்தியாவிலிருந்து ஐரோப்பா சென்ற 207 சரக்குத்தொகுதிகளில் பழ ஈ முதலான பூச்சிகள் காணப்பட்டன. ஆகவே 2014 மே 1ஆம் திகதி முதல் இந்திய மாம்பழம், பாகற்காய், புடலங்காய், கத்தரிக்காய், சேம்பிலை ஆகிய ஐந்துக்கும் கதவு மூடப்பட்டது. உலகப் புகழ்பெற்ற அல்போன்சா மாம்பழத்துக்காகப் பெருங்குரல் எழுந்தது. பொதிசெய்யும் நிலையங்களின் கண்காணிப்பு மேம்பட்டதும் 2015இன் தொடக்கத்தில் மாம்பழத்துக்குக் கதவு திறந்தது. பாகற்காய்க்கும் புடலங்காய்க்கும் தடை மேலும் நீடித்தது.

இலங்கையும் இதற்கு விலக்கன்று. பூச்சிகொல்லி எச்சம் காரணமாக நமது வல்லாரையும் பொன்னாங்காணியும் ஐரோப்பிய எல்லையில் கூடுதலான சோதனைக்குரியவற்றின் பட்டியலில் சேர்ந்தன. உடலுக்கு நல்லதென்று நாம் உண்ணும் கீரைகளே இவை.

இத்தகைய சோதனைகளை நான் குறைகூறவில்லை. பழ ஈ ஒரு நாட்டுக்குள் நுழைந்தால் அங்குள்ள விவசாயியின் தோட்டம் அழியும். நஞ்சுள்ள கீரையை லண்டனில் உண்பவரும் மனிதரே, கொழும்பில் உண்பவரும் மனிதரே. கவனிக்கவேண்டியது அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை. ஆய்வுகூடப் பரிசோதனைக்கும் பொதிசெய்யும் நிலையத்துக்கும் சான்றிதழுக்கும் பெரிய ஏற்றுமதியாளரிடம் பணமுண்டு. அரை ஏக்கரில் பாகற்பந்தல் போட்டவரிடம் அது கிடையாது. குளோபல்காப் முறையிலேயே விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் பெறும் வழி உண்டு. அவ்வழியில் அவர்களை இட்டுச்செல்வது கூட்டுறவுச் சங்கங்களினதும் விவசாயத் திணைக்களங்களினதும் கடமை.

வெள்ளரிக்காயின் வளைவுக்குச் சட்டம் இறுதியில் வளைந்து கொடுத்தது. பூச்சிக்கும் நஞ்சுக்கும் அது வளையாது, வளையவும் கூடாது. அந்தச் சட்டத்தின் முன் சிறுவிவசாயி தனியே நிற்கும்போது, முறிந்துபோவது அவருடைய பந்தல்தான்.